ஸ்ப்ரிண்ட் பாதியில "ஒரு சின்ன சேஞ்ச் தம்பி"னு வந்துட்டே இருக்கு, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

தூங்காத_டீம்லீட்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, புலம்ப வேற இடம் இல்ல.

கோயம்புத்தூர்ல ஆறு பேர் இருக்கற சின்ன கம்பெனி எங்களது. நான் டீம் லீட்னு பேரு, ஆனா கோடும் நான்தான் அடிக்கிறேன், கிளையண்ட்கிட்ட பேசறதும் நான்தான், ராத்திரி டெப்லாய் பண்றதும் நான்தான். ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு பில்லிங், ஸ்டாக், பார்ட்டி லெட்ஜர் எல்லாம் சேத்து பண்ணிட்டு இருக்கோம். ஜூன்ல ஆரம்பிச்சோம், அஜைல் முறை (கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டி, பாத்து மாத்திக்கிட்டே போறது), ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரிண்ட் (அந்த ரெண்டு வாரத்துல முடிக்கறதுக்குன்னு பிரிச்ச வேலை), எட்டு ஸ்ப்ரிண்ட்ல முடிச்சுடலாம்னு பேசி ஃபிக்ஸட் அமௌண்ட்டுக்கு ஒத்துக்கிட்டோம். இப்ப பதினொண்ணாவது ஸ்ப்ரிண்ட் ஓடுது. மூணு தவணையில ரெண்டு வந்துடுச்சு, மூணாவது "எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா தர்றேன்"கறார்.

அந்த "எல்லாம்" எதுன்னுதான் யாருக்கும் தெரியல.

உதாரணத்துக்கு சொல்றேன். முதல்ல ஸ்டாக் பீஸ் கணக்குல போதும்னாங்க. முடிச்சு காட்டினா, லுங்கி பண்டல்ல வரும் பீஸ்ல போகும், துணி "தான்" (முழு சுருள்) கணக்குல வரும் மீட்டர்ல போகும், ரெண்டும் வேணும்னாங்க. அதுக்கு டேட்டாபேஸ் டேபிள் எல்லாம் மாத்தி முடிக்கறதுக்குள்ள, பில்லுல லாரி ஆபீஸ் பேரும் எல்ஆர் நம்பரும் (லாரி ரசீது நம்பர்) வரணுமாம், ஆனா பில் போடறப்ப எல்ஆர் நம்பர் இருக்காது, சாயங்காலம் லாரி ஆபீஸ்ல இருந்து பையன் வந்த பிறகுதான் தெரியும், அதனால பில் போட்ட அப்புறம் திறந்து எடிட் பண்ண வசதி வேணும்னாங்க. எடிட்னு ஒண்ணு குடுத்ததும் அடுத்த நாளே ரேட்டையும் எடிட் பண்ணணும்னு கணக்கர் போன் பண்றார். இதுக்கு நடுவுல செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாறுச்சு, அது தனிக்கதை, அந்த வாரம் நான் வீட்டுக்கே போகல.

கேக்கறது ஒருத்தர் இல்ல. முதலாளி ஒண்ணு சொல்றார், அவர் பையன் (எம்பிஏ) டேஷ்போர்டு கேக்கறார், கணக்கர் நேரா எங்க ஜூனியர் பொண்ணுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போடறார், அவளும் பாவம் பயந்துகிட்டு செஞ்சு குடுத்துடறா. ஸ்ப்ரிண்ட் ஆரம்பத்துல போட்ட பிளான் புதன்கிழமைக்குள்ள செத்துடுது.

ஸ்ப்ரிண்ட் நடுவுல வர்றத முடியாதுன்னு சொல்றதா, எடுத்துக்கறதா? காசு எப்படி கேக்கறது? "அஜைல்னா மாறிக்கிட்டே இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு பையன் மடக்கறார், பதில் இல்ல.

——

ஸ்க்ரம்_பக்தன்:

ப்ரோ, 2001 பிப்ரவரியில யூட்டா மலையில ஸ்நோபேர்டுன்னு ஒரு ரிசார்ட்ல 17 பேர் உக்காந்து எழுதின அஜைல் அறிக்கையிலயே இருக்கு, கடைசி நேரத்துல மாற்றம் வந்தாலும் வரவேற்கணும்னு. பன்னெண்டு கொள்கையில ரெண்டாவதே அதுதான். பையன் சொல்றது கரெக்ட், வரவேத்துட்டே இருங்க 😄

——

தூங்காத_டீம்லீட்:

அந்த 17 பேர்ல யாராச்சும் ஈரோட்டுல ஃபிக்ஸட் அமௌண்ட்டுக்கு சாஃப்ட்வேர் பண்ணிருக்காங்களான்னு முதல்ல விசாரிச்சு சொல்லுங்க ப்ரோ.

——

கேள்வி_கேக்கும்_பிஏ:

பக்தன் தம்பி பாதிதான் சொன்னார், மீதியையும் சேத்து சொல்லிடறேன், ஏன்னா இந்த பாதிய வச்சுத்தான் ஊர்ல பல டீம் நாசமாயிருக்கு. ஸ்க்ரம்னு அஜைல்ல ஒரு முறை, அதோட கைடுல (2020ல வந்ததப் பாருங்க, பதிமூணு பதினாலு பக்கம்தான், ஒரு டீ குடிக்கற நேரத்துல படிச்சுடலாம்) என்ன இருக்குன்னா, ஸ்ப்ரிண்ட் ஓடறப்ப அதோட கோலுக்கு (அந்த ரெண்டு வாரத்து இலக்கு) ஆபத்து வர்ற மாதிரி எந்த மாற்றமும் பண்ணக்கூடாது, ஆனா வேலை செய்யச் செய்ய புதுசா புரியறத வச்சு ஸ்கோப்ப பேசி மாத்திக்கலாம். ரெண்டுமே இருக்கு. அப்புறம் ப்ராடக்ட் ஓனர்னா (எது முதல்ல வேணும்னு முடிவு சொல்ற ஆள்) ஒரே ஆளு, கமிட்டி இல்லைன்னும் தெளிவா போட்டிருக்கு. உங்களுக்கு மூணு பேர் இருக்காங்க. இல்ல, உங்க ஜூனியரையும் சேத்தா நாலு, ஏன்னா எதைச் செய்யறதுன்னு அவளும்தான் முடிவெடுக்கறா, அவளுக்கே தெரியாம.

நான் 14 வருஷமா பிஸினஸ் அனலிஸ்ட்டா இருக்கேன். உங்களுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம் குடுக்கறேன், கோச்சுக்காதீங்க. ஜூன்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் வந்த எல்லா மாற்றத்தையும் ஒரு ஷீட்ல எழுதுங்க. வாட்ஸப், போன், மெயில், டீக்கடையில நின்னு பேசினது, எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது ஏன் வந்துச்சுன்னு மட்டும் போடுங்க. சட்டம் மாறினதால வந்ததா? கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் அவங்களுக்கே தோணுச்சா? நிஜமாவே மனசு மாறிட்டாங்களா? இல்ல, முதல் நாள்ல இருந்தே அப்படித்தான் இருந்துச்சு, நாமதான் கேக்காம விட்டுட்டோமா?

கடைசி கேள்விக்கு நேர்மையா பதில் போடுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்.

பண்டல், பீஸ் கதை இருக்கே, அது மாற்றமே இல்லைன்னு நினைக்கறேன். அந்த கடையில நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி இருந்தே லுங்கி பண்டல்லதான் வந்திருக்கும். குடோன்ல அரை நாள் நின்னு பாத்திருந்தா ஜூன்லயே தெரிஞ்சிருக்கும்.

——

விபி6_காலத்து_ஆளு:

தம்பி, நான் திருப்பூருங்க, 2003ல இருந்து பில்லிங் சாஃப்ட்வேர்தான் பொழப்பு. மேடம் சொன்னது சரிங்க. நான் அந்த ஜிஎஸ்டி தனிக்கதைக்கு மட்டும் வர்றேன், ஏன்னா அதுல நான் பட்ட அடி இன்னும் வலிக்குது.

2017 ஜூலை 1ந்தேதி ஜிஎஸ்டி வந்துச்சுங்களா, ராப்பகலா உக்காந்து ரேட் எல்லாத்தையும் கோடுக்குள்ளயே எழுதி வச்சேன், 28ன்னா 28, 18ன்னா 18. நவம்பர் 15ந்தேதி 28ல இருந்த சாமான்ல முக்காவாசிக்கு மேல 18க்கு இறக்கிட்டாங்க. எனக்கு அப்ப அறுபது கடைக்கு மேல கஸ்டமரு, ஜவுளி மட்டுமில்ல ஹார்டுவேர் பெயிண்ட்டுன்னு எல்லாம் இருந்துச்சு. பென் டிரைவ்ல புது எக்ஸ்ஈ ஃபைல போட்டுகிட்டு காங்கேயம், தாராபுரம், பல்லடம்னு டவுன் பஸ்ஸுல ஏறி இறங்கி மாத்தினேன். சம்சாரம் கேட்டா, நீ சாஃப்ட்வேர் இன்ஜினியரா கூரியர்காரனான்னு.

அப்பறம் இ-வே பில், சரக்கு லாரியில போறப்ப கூட இருக்க வேண்டிய சீட்டு. 2018 பிப்ரவரி 1ல இருந்து கட்டாயம்னாங்க, மொத நாளே போர்ட்டல் படுத்துருச்சு, தள்ளி வச்சு ஏப்ரல் 1ல ஆரம்பிச்சாங்க. இ-இன்வாய்ஸ் (பில்ல அரசாங்க போர்ட்டல்ல பதியறது) பாருங்க, 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல இருந்தாத்தான்னாங்க, அப்பறம் 100, 50, 20, 10ன்னு எறங்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு வந்து நிக்குது. அரசாங்கமே இத்தன தடவ மாத்துது, உங்க ஈரோட்டுக்காரரு எம்மாத்திரம்.

இதுல நான் கத்துகிட்டது ஒண்ணுதானுங்க. எது மாறும்னு உனக்கே தெரியுமோ அத கோடுக்குள்ள வைக்காத, டேபிள்ல வை, தேதியோட வை. ரெடிமேட் துணிக்கு பீஸ் 1000 ரூவா வரைக்கும் 5 பர்சன்ட், அதுக்கு மேல 12ன்னு இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து 2500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. உங்க கோடுல 1000ங்கற நம்பர் எத்தன எடத்துல இருந்துச்சுன்னு உண்மையச் சொல்லுங்க பாக்கலாம்.

——

தூங்காத_டீம்லீட்:

அண்ணா... பதினாலு இடம். ரெண்டு இடத்துல 999.99ன்னு வேற இருந்துச்சு, யார் எழுதினதுன்னு கிட்ல (கோட யார் மாத்தினதுன்னு பதிஞ்சு வைக்கற டூல்) பாத்தா நான்தான்.

——

விபி6_காலத்து_ஆளு:

அட பரவால்ல, நானெல்லாம் கிட்டே இல்லாம எழுதினவன், யாரு எழுதினதுன்னு தெரியாமயே போயிருச்சு.

இன்னொண்ணு கேளுங்க. ஆகஸ்ட்ல 12 போட்டு வித்த சரக்கு அக்டோபர்ல ரிட்டர்ன் வருதுன்னு வைங்க, கிரெடிட் நோட்டு எந்த ரேட்டுல போடுவீங்க? பழைய பில்லுல இருந்த ரேட்டுலதான் போடணும். ரேட்ட மட்டும் டேபிள்ல மாத்தி எழுதிட்டா இது தப்பாயிரும், அதனாலதான் தேதியோட வைன்னேன், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு டேபிள்ல ரெண்டு கட்டம். ரிட்டர்ன் வந்தா ஒரிஜினல் பில் தேதிய எடுத்துட்டு போய் பாக்கணும். அதே மாதிரி 2600 ரூவா ஷெர்வானிக்கு பில்லுலயே 10 பர்சன்ட் டிஸ்கவுண்ட் குடுத்தா 2340, அப்ப 5ல விழுந்துரும். டிஸ்கவுண்ட் கழிக்கறதுக்கு முன்னால ஸ்லாப் பாத்தீங்கன்னா 18 போட்டுருவீங்க, பார்ட்டி சண்டைக்கு வந்துரும். இதெல்லாம் எந்த டாக்குமெண்ட்லயும் வராதுங்க, கடையில உக்காந்தாத்தான் வரும்.

பில் எடிட் பத்தியும் சொல்லிடறேன். உங்க பார்ட்டி 5 கோடிக்கு மேலயா? அப்படின்னா ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் போர்ட்டல் குடுக்கற நம்பர்) வாங்கின பில்ல போர்ட்டல்ல எடிட்டே பண்ண முடியாது, 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம், அதுக்கு மேல கிரெடிட் நோட்டுதான். எல்ஆர் நம்பர் பின்னால சேக்கறது வேற, ரேட்ட மாத்தறது வேற. கணக்கர்கிட்ட "முடியாது"ன்னு நீங்க சொல்லாதீங்க, "ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லுங்க"ன்னு சொல்லுங்க. அவரே வந்து வேண்டாம்பாரு.

——

ரேட்கார்டு_ராசா:

எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க. நான் தனியா ஃப்ரீலான்ஸ் பண்றேன், என் வழி ஒரே வழி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு. மணிக்கு இவ்ளோன்னு முதல் நாளே ஒட்டிடுவேன். கேட்டா குடுப்பாங்க, குடுக்கலைன்னா அந்த மாற்றம் அவ்ளோ முக்கியமில்லைன்னு அர்த்தம். இந்த அஜைல், ஸ்ப்ரிண்ட் எல்லாம் கிளையண்ட்டுக்கு ஏன் சொல்றீங்கன்னே புரியல. பையன் மடக்கறார்னா மடக்கற கயிற நீங்கதான் கையில குடுத்திருக்கீங்க.

——

கேள்வி_கேக்கும்_பிஏ:

ராசா, தனி ஆளுக்கு அது சரி. ஆறு பேர் கம்பெனிக்கு, அதுவும் ஈரோடு மாதிரி ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச மார்க்கெட்ல, "அவன் எதைத் தொட்டாலும் காசு கேக்கறான்"னு பேர் வந்தா அடுத்த கடை கிடைக்காது. அதோட நாம கேக்காம விட்டதுக்கும் காசு கேப்பீங்களா? அது நியாயமா?

——

ரேட்கார்டு_ராசா:

நியாயம் பாத்தா வாடகை யார் குடுக்கறது மேடம்.

சரி, ஒண்ணு மட்டும் உருப்படியா சொல்லிட்டு போறேன். இலவசமா செஞ்சாலும் இன்வாய்ஸ்ல எழுதுங்க. "எல்ஆர் நம்பர் பின்னால் சேர்க்கும் வசதி, இத்தனை மணி நேரம், இவ்வளவு ரூபாய், தள்ளுபடி 100 சதவீதம், பூஜ்யம்". மாசா மாசம் அத அனுப்புங்க. வியாபாரிக்கு டாக்குமெண்ட் புரியாது, தள்ளுபடி நல்லா புரியும். மூணாவது தவணை பேசறப்ப அந்த காகிதம் பேசும்.

——

விபி6_காலத்து_ஆளு:

ராசா தம்பி, இது எனக்கு இருபது வருஷமா தோணாம போச்சேப்பா.

——

மில்லு_கணக்கு_பாக்கறவன்:

நான் எதிர்க்கட்சிங்க. சாஃப்ட்வேர் ஆளு இல்ல, ஒரு ஸ்பின்னிங் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், எங்களுக்கு ரெண்டு தடவை ஈஆர்பி (கம்பெனி கணக்கெல்லாம் ஒண்ணா பாக்கற சாஃப்ட்வேர்) போட்டாங்க, ரெண்டு தடவையும் நான்தான் கம்பெனி சார்பா உக்காந்தேன். நான் தேடினது வேற ஏதோ, இந்த திரி கண்ணுல பட்டுது, அதனால அந்தப் பக்கத்துல இருந்து என்ன தெரியும்னு சொல்றேன்.

மொதல்ல ஒரு டாக்குமெண்ட் குடுத்தாங்க, 38 பக்கம், இங்கிலீஷ்ல, படிக்கவே இல்ல, கையெழுத்து போட்டுட்டேன். படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்காது. அதுல "சிஸ்டம் ஷல் சப்போர்ட் மல்டிபிள் யூனிட்ஸ்"னு ஒரு வரி இருந்துச்சாம், பின்னால சண்டை வந்தப்ப காட்டினாங்க. எனக்கு யூனிட்னா ஃபேக்டரி யூனிட், எங்களுக்கு ரெண்டு யூனிட் இருக்கு, நான் அதத்தான் நினைச்சேன். அவங்களுக்கு யூனிட்னா கிலோ, கோன், மூட்டை. ரெண்டு பேரும் ஆறு மாசம் ஒரே வார்த்தைய வச்சு வேற வேற விஷயம் பேசிட்டு இருந்திருக்கோம்.

அப்பறம் டெமோன்னு வருவாங்க. ஸ்க்ரீன்ல "டெஸ்ட் பார்ட்டி 1", "ஐட்டம் ஏபிசி", அளவு 10, ரேட் 100. பாக்க நல்லாத்தான் இருக்கும், தலையாட்டுவோம். அந்த பார்ட்டிய எனக்கு தெரியாதே, அவன் எப்ப பணம் குடுப்பான், எதுல பிடிச்சுக்குவான், எந்த சரக்க திருப்பி அனுப்புவான்னு ஒண்ணும் தெரியாத பார்ட்டிக்கு பில் சரியா தப்பான்னு நான் எப்படி சொல்றது. ரெண்டாவது தடவை வந்த டீம்ல ஒரு பொண்ணு புத்திசாலி, எங்க போன மாச பில்லையே ஏத்தி காட்டுச்சு. மொத ஸ்க்ரீன்லயே நான் கத்திட்டேன், "அய்யோ இவருக்கு தரகு கழிக்கணுமே, அது எங்க"ன்னு. அது மனசு மாறினதா? எங்களுக்கு தரகு நாப்பது வருஷமா இருக்கு.

இன்னொண்ணு, நாங்க "சரிங்க சரிங்க"ன்னு சொன்னா புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லங்க. முதலாளி பக்கத்துல உக்காந்திருக்கப்ப புரியலைன்னு எப்படி சொல்றது. அந்த ஈரோட்டு கணக்கர் உங்க பொண்ணுக்கு தனியா வாய்ஸ் நோட் போடறார்ல, அதுக்கும் காரணம் இதுவாத்தான் இருக்கும். மீட்டிங்ல அவரால பேச முடியல.

——

தூங்காத_டீம்லீட்:

அண்ணா, உங்க கடைசி வரிய ரெண்டு தடவை படிச்சேன். நாலு மாசமா அந்த மனுஷன திட்டிட்டு இருந்தேன். மீட்டிங்ல அவர் வாயே திறக்க மாட்டார், முதலாளி பேசுவார், பையன் பேசுவார், இவர் டீ கொண்டு வர சொல்லுவார், அவ்ளோதான்.

பிஏ மேடம், வீட்டுப்பாடம் முடிச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை முழுக்க வாட்ஸப்ப தோண்டி எடுத்தேன். மொத்தம் 43 மாற்றம். சட்டத்தால வந்தது 4. பாத்ததுக்கு அப்புறம் தோணினது 14. நிஜமா மனசு மாறினது 6, அதுல அஞ்சு பையனோட டேஷ்போர்டு கலரும் கிராஃபும். மிச்சம் 19 நாங்க கேக்காம விட்டது.

பத்தொன்பது. "கிளையண்ட் மாத்திட்டே இருக்கார்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன்.

——

கேள்வி_கேக்கும்_பிஏ:

ரொம்ப நொந்துக்காதீங்க. நான் முதல் தடவை இத பண்ணப்ப பாதிக்கு மேல என் பக்கம் வந்துச்சு, அன்னிக்கு ஷீட்ட டெலீட் பண்ணிட்டேன்.

இப்ப வேலைக்கு வருவோம். நாலு ரகத்துக்கும் ஒரே மருந்து குடுக்கக்கூடாது, அதுக்குத்தான் பிரிக்க சொன்னேன். அந்த 19க்கு காசு கேக்காதீங்க, அது உங்க செலவு, ஆனா ராசா சொன்ன மாதிரி எழுதி வைங்க. சட்டம் மாறறது ஒப்பந்தத்துலயே தனி வரியா இருக்கணும், வருஷ பராமரிப்புல சேரும்னோ தனிக் கட்டணம்னோ, எது ஆனாலும் முன்னாடியே. பாத்து தோணறது இருக்கே, அத தப்பா நினைக்கவே கூடாது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காட்டறதே அதுக்குத்தான், அது வரலைன்னாத்தான் பயப்படணும், யாரும் பாக்கலைன்னு அர்த்தம். பிளான் போடறப்பவே அதுக்கு இடம் விடுங்க, நீங்க எட்டு ஸ்ப்ரிண்டையும் ஃபீச்சரால ரொப்பிட்டீங்க, அதான் மூச்சு முட்டுது.

மனசு மாறறதுக்கு பண்டமாத்து. புதுசா ஒண்ணு உள்ள வரணுமா, அதே அளவுக்கு இன்னும் தொடாத ஒண்ணு வெளிய போகட்டும். எது போகணும்கறத நீங்க சொல்லாதீங்க, அவங்களே எடுக்கட்டும். வெறும் சீட்டு போதும், ஜிரா மாதிரி வேலை லிஸ்ட் சாஃப்ட்வேர் எல்லாம் அவங்ககிட்ட காட்டாதீங்க. மிச்சம் இருக்கற ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டுல தமிழ்ல எழுதி மேஜையில பரப்புங்க, எத்தனை நாள் ஆகும்னு கீழ போடுங்க. புது சீட்டு வைக்கணும்னா பழையது ஒண்ண எடுக்கணும். வியாபாரிக்கு இது சொல்லிக்குடுக்கவே வேண்டாம், தராசு பாக்கற கை.

ஸ்ப்ரிண்ட் நடுவுல வர்றதுக்கு நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "இது வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்லைன்னா கடையில என்ன நிக்கும்?" பில் போடவே முடியாதுன்னா உடனே எடுங்க, கோல் மண்ணாங்கட்டி எல்லாம் அப்புறம். ஒண்ணும் நிக்காதுன்னா சீட்டு எழுதி பெட்டியில போடுங்க, அடுத்த பிளானிங்ல பாக்கலாம். இதுல பாதி அதுக்குள்ளயே அவங்களுக்கே மறந்துடும், இது அனுபவம்.

——

டெஸ்டிங்_தேவதை:

லேட்டா வந்துட்டேன். எல்லாரும் மாற்றத்த எப்படி உள்ள விடறதுன்னு பேசறீங்க, விட்டதுக்கு அப்புறம் பழையது உடையறது பத்தி யாருமே பேசல, டெஸ்டர்னா அவ்ளோதான் மரியாதை போல 🙂

நான் பண்றத சொல்றேன். ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்பவே கிளையண்ட்கிட்ட நிஜ பில் நாப்பது அம்பது வாங்கிடுவேன். சாதாரணமானது வேண்டாம், வம்பு பில்லா குடுங்கன்னு கேப்பேன். டிஸ்கவுண்ட் ரெண்டு தடவை போட்டது, பாதி சரக்கு திரும்பி வந்தது, வெளி மாநிலத்துக்கு போனது, ரவுண்ட் ஆஃப்ல சண்டை வந்தது. இதுக்கெல்லாம் கடைசியா என்ன தொகை வந்துச்சுன்னு அவங்க கைப்பட எழுதி குடுத்திருப்பாங்க. ஒவ்வொரு தடவை சாஃப்ட்வேர மாத்தி பில்டு பண்றப்பவும் அந்த அம்பதும் தானா ஓடும், ஒரு பைசா மாறினாலும் சிவப்பு விளக்கு. செப்டம்பர் 22க்கு எங்க டீம் பதறாம இருந்ததுக்கு இது ஒண்ணுதான் காரணம். பழைய தேதி பில் எல்லாம் பழைய தொகையிலயே நிக்குதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு, புது தேதிக்கு மட்டும் புது பில் பன்னெண்டு சேத்தோம்.

இதுல இன்னொரு லாபம் இருக்கு. "எல்லாம் முடிஞ்சதும்"னு உங்க முதலாளி சொல்றார்ல, அந்த "எல்லாம்" என்னன்னு கேட்டா இந்த அம்பது பில்லும் சரியா வந்தா முடிஞ்சதுன்னு சொல்லலாம். புதுசா ஒண்ணு வேணும்னா அதுக்கு ஒரு மாதிரி பில் குடுங்கன்னு கேளுங்க. நிஜமா தேவைன்னா பில் புக்க புரட்டி எடுத்து குடுப்பாங்க. குடுக்க முடியலைன்னா அது கடையில இதுவரைக்கும் நடக்காத விஷயம்.

அந்த ஜூனியர் பொண்ண யாராச்சும் காப்பாத்துங்க. அவகிட்ட "செய்யாதே"ன்னு சொன்னா போதாது, கணக்கருக்கு என்ன பதில் அனுப்பணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. "அண்ணா குறிச்சுக்கிட்டேன், வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல வச்சு சொல்றேன்"னு. ஃப்ரெஷரா இருக்கறப்ப பெரியவங்ககிட்ட முடியாதுன்னு சொல்றது எவ்ளோ கஷ்டம்னு மறந்துட்டோம் எல்லாரும்.

——

ஸ்க்ரம்_பக்தன்:

தேவதை அக்கா, அந்த அம்பது பில்லுல கிளையண்ட் கைப்பட எழுதினதே தப்பா இருந்தா?

——

டெஸ்டிங்_தேவதை:

இருந்துச்சே. அம்பதுல மூணு. ரெண்டு வருஷமா ஒரு பார்ட்டிக்கு ரவுண்ட் ஆஃப் தப்பா போட்டிருந்தாங்க, கண்டுபிடிச்சு சொன்னதுல அவங்க ஓனர் எங்களுக்கு பிரியாணி வாங்கித் தந்தார். ஆட்டோமேஷனுக்கு கிடைச்ச ஒரே பிரியாணி.

——

தூங்காத_டீம்லீட்:

பத்து நாள் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டியது கடமை.

மொத வேலையா வியாழக்கிழமை லேப்டாப்பே எடுத்துக்காம குடோன்ல போய் நின்னேன், காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் லாரி ஆபீஸ் பையன் வர்ற வரைக்கும். பக்கத்துல ஜூனியர் பொண்ணு நோட்டோட. மூணு விஷயம் அங்கேயே தெரிஞ்சுது, அதுல ஒண்ணு நாங்க அடுத்த மாசம் "திடீர்னு" சந்திச்சிருக்க வேண்டியது, சேம்பிள் பீஸ் வெளிய போறது, பில் கிடையாது, திரும்பி வந்தா வரும் வரலைன்னா பில் ஆகும். எங்க ஸ்டாக்ல அதுக்கு இடமே இல்ல.

சனிக்கிழமை முதலாளி, பையன், கணக்கர் மூணு பேரையும் உக்கார வச்சு சீட்டு பரப்பினேன். மொத்தம் 22 சீட்டு. ஜிரா மாதிரி இல்ல, கையில எடுத்து பாத்து மேல கீழ மாத்தறாங்க, பையன் டேஷ்போர்டு சீட்ட மேல வச்சார், முதலாளி ஒண்ணும் சொல்லாம அத எடுத்து ஓரமா வச்சுட்டு எல்ஆர் சீட்ட அந்த இடத்துல வச்சார். நான் வாயே திறக்கல. எஸ்எம்எஸ் அனுப்பற மாடூல வெளிய எடுத்தாங்க, "எல்லாரும் வாட்ஸப்ல இருக்கான் தம்பி, எஸ்எம்எஸ் எவன் பாக்கறான்"னு அவரே சொன்னார். அது எங்களுக்கு ஒன்பது நாள் வேலை. அந்த இடத்துல சேம்பிள் பீஸ் வந்துச்சு, ஏழு நாள்.

பில் எடிட் விஷயம் விபி அண்ணா சொன்ன மாதிரியே ஆடிட்டர் ஒரே போன்ல முடிச்சுட்டார். எல்ஆர் மட்டும் பின்னால சேக்கலாம், ரேட் தொட முடியாது.

பூஜ்ய இன்வாய்ஸும் குடுத்தேன் ராசா. 19க்கும். முதலாளி ரொம்ப நேரம் பாத்தார், "இவ்ளோவா செஞ்சிருக்கீங்க"ன்னு கேட்டார். மூணாவது தவணைய ரெண்டா பிரிச்சு, பாதி இந்த மாசம், பாதி அம்பது பில்லும் சரியா வந்ததும்னு பேசியிருக்கோம். பணம் இன்னும் வரல, வந்ததும் சொல்றேன்.

ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆள் விஷயம்தான் வழுக்குது. பையன்னு முடிவாச்சு, முதலாளி எல்லார் முன்னாடியும் சொன்னார். கணக்கர் தலையாட்டினார். அந்த வம்பு பில் எல்லாம் தேடி எடுத்துக் குடுத்தது அவர்தான், மூணு ஃபைல், ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல பென்சில்ல குறிப்பு, அவர் இல்லாம இந்த அம்பது பில் வந்தே இருக்காது. அதனால அவரையும் வெட்டி விட முடியல. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஜூனியர் பொண்ணு போன நீட்டறா, ரெண்டு நிமிஷம் பதினேழு செகண்ட் வாய்ஸ் நோட்டு.

——

மில்லு_கணக்கு_பாக்கறவன்:

அவருக்கு வாரத்துல ஒரு நாள், பையன் இல்லாத நேரமா பாத்து, அரை மணி போன் பண்ணுங்க தம்பி. நீங்களே பண்ணுங்க, அவர் பண்ண வேண்டாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல, சாப்பிட்டு வந்து உக்காந்திருப்பார், பில் கம்மியா இருக்கும்.